லோர்ன் பிக்ஃபோர்ட் சாணையில் தேய்த்த விரிசல்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில் மரம் வெட்டுகிறவர்களிடம் லோர்ன் பிக்ஃபோர்டின் கோடரிக்குத் தனி மரியாதை இருந்தது. உடம்பு சாதாரண இரும்புதான். வெட்டுகிற வாய் மட்டும் எஃகு. அந்த எஃகைத் தேடி அலைந்தே அவன் பாதி ஆயுள் கழிந்தது. மூடிப்போன மர அறுவை ஆலையின் ரம்பத் தகடு, ரயில் பெட்டியின் சுருள்வில், சரளை லாரியின் ஸ்பிரிங் பட்டை என்று எதையும் விடமாட்டான். சாணையில் வைத்து, தெறிக்கிற பொறியைப் பார்ப்பான். நீளமாக ஓடி அணைந்தால் தூக்கி எறிவான்; கொத்துக் கொத்தாக வெடித்தால் எடுத்து வருவான். அப்போதும் நம்பமாட்டான். ஒரு துண்டை வெட்டிக் காய்ச்சித் தோய்த்து, சம்மட்டியால் முறித்துப் பார்ப்பான். தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடாமல் தாங்குமா, எண்ணெயில்தான் தோய்க்க வேண்டுமா என்பது தெரிந்த பிறகே மீதியில் கை வைப்பான்.

1958 அக்டோபரில் ஒரே ஒரு தடவை அதைச் செய்யாமல் விட்டான்.

கோடரி கேட்டு வந்தவன் ஓவிலா டெரியோ, பள்ளிக்கூடத்து நாளிலிருந்து சிநேகிதன். பட்டறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு பிடுங்கி எடுத்தான்.

"திங்கக்கிழமை காட்டுக்கு ஏறணும்டா. நீ இன்னும் இரும்பை மோந்து பாத்துக்கிட்டே இருக்க."

"இந்தப் பட்டை எனக்குப் புதுசு. ஒரு துண்டு முறிச்சுப் பாத்துடுறேனே."

"பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு யோசிக்கல!"

லோர்ன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வேலையில் இறங்கினான். எஃகு வாயை இரும்பு உடம்போடு பற்றவைத்து, செக்கச்செவேலென்று காய்ச்சி, வழக்கம்போலத் தண்ணீரில் இறக்கினான். ஆவி அடங்குகிற நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது மாதிரி, அவ்வளவுதான். எஃகில் விரிசல் விழுகிற சத்தம் அது என்று கொல்லன் எவனுக்கும் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வாளி விளிம்பில் இடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கடினம் கொஞ்சம் தணிய மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதம் இறக்கி, தீட்டி, காம்பு மாட்டிக் கொடுத்தான்.

ஜனவரியில், எச்சில் துப்பினால் உறைகிற ஒரு காலையில், அன்றைய முதல் வீச்சிலேயே வாயின் முனை உடைந்து தெறித்தது. ஓவிலாவின் இடது கண் போயிற்று.

அந்தக் குளிரில் எஃகு நொறுங்கும்; கோடரியை அடுப்பருகே சூடு காட்டாமல் எடுக்கக் கூடாது. அன்று ஓவிலா காட்டவில்லை. மரம் வெட்டுகிறவர்களின் முகாம் முழுக்க அதையே சொன்னது. மேஸ்திரியாக இருந்த அவன் மாமனார், "சோம்பேறிப் பயலுக்கு வேணும்" என்றார். ஓவிலாவே ஒப்புக்கொண்டான். "என் புத்தியைத்தான் செருப்பால அடிக்கணும், லோர்ன். உன் கோடரியைப் பாழாக்கிட்டேன்டா."

"குளிர்தான்... வேற என்ன," என்றான் லோர்ன்.

மார்ச்சில் ஓவிலா அந்தக் கோடரியைக் கொண்டுவந்து, புது வாய் வைத்துத் தரச் சொன்னான். அவன் தலை மறைந்ததும் லோர்ன் கோடரி வாய் உடைந்த பரப்பைப் பார்த்தான். முக்கால் பங்கு பளிச்சென்ற சாம்பல் நிறம். ஓரத்தில் மட்டும், பிறை அளவுக்கு, வைக்கோல் பழுப்பு. பதம் இறக்கும்போது சூட்டில் ஏறுகிற நிறம் அது. காட்டுக் குளிரில் உடைந்த உலோகத்துக்கு அந்த நிறம் வராது. பதம் இறக்கும் முன்பே, இந்தப் பட்டறையிலேயே விரிசல் விழுந்திருக்கிறது.

அவன் சாணையைச் சுழற்றினான். பழுப்பு நிறம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை. ஓவிலா வீட்டுக்கு விறகு போட்டான், கூரை மாற்றினான். அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல அவன் அடுத்த வேலையைத் தேடிப் போனான். முகாமுக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் ஓவிலா தன் குழிந்த கண்ணைக் காட்டி, "என்ன மாதிரி முட்டாளா இருக்காதீங்கடா, சூடு காட்டிட்டு வெட்டுங்க" என்பான். மாமனாரை அடக்கம் செய்த அன்று, அவித்த பீன்ஸ் தட்டோடு லோர்ன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாகுறவரைக்கும் மனுசன் என்னைச் சோம்பேறின்னுதான் நினைச்சாரு. தப்பும் இல்லை" என்றான்.

மறுநாள் காலை லோர்ன் அவன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பட்டையை முறித்துப் பார்க்காதது, சத்தம் கேட்டது, சாணையில் தேய்த்தது. ஓவிலாவின் மனைவி ஜெர்மேன் அடுப்பை அணைத்தாள்.

ஓவிலா கேட்டான்: "குளிர்ல இல்லையா அப்போ?"

"குளிரும் சேர்ந்திருக்கலாம். ஆனா விரிசல் என்னுது."

"கண்ணு போகட்டும்டா. அது தெரியாம நடந்தது. மார்ச் மாசமே உனக்குத் தெரியும். நான் ஊரெல்லாம் என்னையே திட்டிக்கிட்டு அலைஞ்சேன். நீ பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தே." எழுந்து போய்க் கதவைத் திறந்தான். "நான் எங்கெங்க சொன்னேனோ, அங்கெல்லாம் நீ போய்ச் சொல்லு. இப்ப வெளிய போ."

லோர்ன் போய்ச் சொன்னான். சனிக்கிழமை மாதா கோயில் விருந்தில் எழுந்து நின்று சொன்னான். ஓவிலா வேலை பார்த்த இரண்டு முகாம்களிலும் சொன்னான். சிலர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அந்தக் குளிர்காலம் பட்டறைக்கு வந்தவர்கள் சொற்பம். மாமனாரிடம் சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று. அது அவனைக் கடைசிவரை அரித்தது.

அதன் பிறகு வந்த இரண்டாவது இலையுதிர் காலத்தில் ஜெர்மேன் பட்டறைக்கு வந்தாள். ஓவிலா வெளியே வண்டியிலேயே இருந்தான்.

"அவருக்கு ஒரு கோடரி வேணும். எஃகை என் கண்ணு முன்னாடி முறிங்க."

லோர்ன் ஒரு துண்டைத் தோய்த்து முறித்து அவள் கையில் வைத்தான். நேர்த்தியான, மாவு போன்ற சாம்பல் நிறம்; எஃகு தேறியிருந்தது.

"எனக்கு இது ஒண்ணும் புரியாது," என்று சொல்லிவிட்டு அவள் அதை வெளியே எடுத்துப் போனாள். ஓவிலா துண்டை வாங்கி, நல்ல கண்ணருகே பிடித்து, நெடுநேரம் பார்த்தான். பிறகு அவளிடம் ஏதோ சொன்னான்.

அவள் திரும்பி வந்தாள். "செய்யச் சொன்னாரு. அவசரமில்லையாம்."