பூஜையில் ஏறிய மரகதவல்லி

"லெண்டிங் லைப்ரரி" புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துக்கு முன்னால் வாசனைதான் வரும். யார் வீட்டுத் தேங்காயெண்ணெயோ, யார் வீட்டு ரசமோ, எல்லாம் கலந்து தாளில் ஏறியிருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் ஒரு மாயாஜால நாவல் வந்து சேர்ந்தது.

கதாநாயகி மரகதவல்லி ஒரு படகோட்டியின் மகள். ஊராரின் நிழல்களையெல்லாம் திருடிப் பாதாளத்தில் பூட்டி வைத்த மந்திரவாதியைத் தேடி, ஒற்றைத் துடுப்போடு தனியாகக் கிளம்புகிறாள். அதுவரை நான் படித்த கதைகளில் ராஜகுமாரிகள் உப்பரிகையில் நின்று அழுவார்கள், யாராவது குதிரையில் வந்து மீட்பார்கள். இதிலோ ராஜகுமாரன் கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதான். இவள் கூண்டை உடைத்து, "அழுதது போதும், துடுப்பைப் பிடி" என்றாள். அந்த ஒரு வரியில் நான் அவளுக்கு அடிமையாகிவிட்டேன்.

பாதாளக் கதவு மூடிக்கொண்டு அவள் உள்ளே அகப்பட்ட இடத்தில் நானும் அப்பாவிடம் அகப்பட்டேன். அன்று சரஸ்வதி பூஜை. கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்கு அவர் மனதில் பசுமையாக இருந்தது. "கண்ட கதையும் படிச்சுண்டு! சாயங்காலமே திருப்பிக் கொடுத்துடு. இனிமே அந்த லைப்ரரி வாசலை மிதிக்கப்படாது" என்றார்.

சாயங்காலம் தேடினால் தலையணைக்கு அடியில் புத்தகம் இல்லை. அம்மா சமையலறையிலிருந்து நிதானமாகச் சொன்னாள்: "ஏன்னா, அதையும் தெரியாம பூஜைல வச்சுட்டேன். இனி நாளைக்குக் கார்த்தாலதான் எடுக்கணும்."

பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று தொடக்கூடாது என்பதால் அப்பாவின் உத்தரவு மறுநாளைக்குத் தள்ளிப்போனது. எனக்கும் அதே சட்டம்தான். பட்டுத்துணிக்கு அடியில் மரகதவல்லி என்ன ஆனாளோ என்று இரவெல்லாம் தவித்தேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததில் ஆளுக்கு நாலு வரியாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு "சம்பிரதாயம்". அப்பா கணக்குப் புத்தகத்தை உருவப் போனார். "மேல இருக்கறதைத்தானே எடுக்கணும்?" என்றாள் அம்மா. மேலே இருந்தது, சந்தனமும் குங்குமமும் துலங்க, என் நாவல்.

நாலு வரி படித்து நிறுத்தினேன். காப்பி டம்ளரோடு நின்றிருந்த அப்பா, வேறெங்கோ பார்த்தபடி, "மேல படி" என்றார். மரகதவல்லி தன் நிழலைத் தானே கழற்றி மந்திரவாதியிடம் கொடுத்துவிட்டு, அது போன வழியைத் தொடர்ந்து ஊரார் நிழல்கள் இருந்த அறையைக் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் மீட்டு அவள் கரையேறும்போது அப்பாவின் காப்பி ஆறிப்போயிருந்தது. லைப்ரரி வாசலைப் பற்றி அவர் அப்புறம் பேசவேயில்லை.

சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நல்லவேளை, தெரியாம வச்சே" என்றேன்.

"தெரியாம யார் வச்சா? நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் மத்தியானத்துல நானும்தான் படிச்சுண்டிருந்தேன். அவ வெளில வந்தாளான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மரகதவல்லியை மிஞ்சிய சாமர்த்தியக்காரி எங்கள் வீட்டிலேயே இருந்தாள் என்று நினைக்க இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த லைப்ரரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அம்மா போய்ப் பல வருஷமாயிற்று. எந்தப் புத்தகத்தையும் நான் இன்று ஒளித்துப் படிக்க வேண்டியதில்லை, படித்து முடித்தால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.