ஹேலியைப் பற்றி ஒரு பக்கம்

பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் இருபத்து மூன்று வருடமாக அதைச் செய்கிறேன். சோம்பேறியைப் 'பதற்றப்படாதவன்' என்றும் வாயாடியைக் 'கலந்துரையாடலில் ஆர்வமுள்ளவள்' என்றும் எழுதக் கை பழகிவிட்டது. ஹேலி ஓட்லிங்கைப் பற்றி எழுதிய பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை. இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருப்பது அந்தப் பக்கம்தான்.

ஹேலி கணக்கில் புலி. மற்ற எதற்கும் பிடி கொடுக்காதவள். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறையில் எந்நேரமும் ஏழெட்டுப் பேர் சோஃபாவில் காலை நீட்டிக்கொண்டு ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே சுவரில் தொங்கும் அறிவிப்புப் பலகை என்னுடையது. கோடைகாலக் கணிதப் பயிற்சி, பிரான்ஸ் பயணம், விவாதக் குழு, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்று ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து ஒட்டுவேன். எதிலும் ஹேலியின் பெயர் இருக்காது. பாடம் இல்லாத நேரம் வந்தால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

எனக்கு அது திமிராகப் பட்டது. ஒருநாள் எல்லார் முன்னாலும், உன்னை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்கிற தோரணையில் கேட்டேவிட்டேன். "இல்ல மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டதற்காக அப்போது நான் வெட்கப்படவில்லை.

1997 டிசம்பரில், விண்ணப்பங்களை அனுப்பக் கடைசி வாரம், அவளுக்குக் காய்ச்சல். கையெழுத்து வாங்க நானே படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவள் அம்மா டோரீன் உட்கார்ந்திருந்தாள். இருபது வருடம் துறைமுகத்தில் ஹேடக் மீனைக் கீறி முள் எடுத்தவள். நரம்பு நோய் வந்து, கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்கள்தான் அவள் சொன்னபடி கேட்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"வாங்க டீச்சர். டீ போட்டுத் தரலன்னு கோச்சுக்காதீங்க. இந்த வீட்ல கெட்டில் எனக்கு மரியாதை குடுக்கறதில்ல" என்றாள். பிறகு மகளைக் கண்ணால் காட்டிச் சிரித்தாள். "ஆமா, நீங்க அங்க பாடமே நடத்தறதில்லையாமே? பாதி நாள் இவ வீட்லதான் கெடக்கா. வயசுப் பொண்ணு, வெளிய தெருவ போகத் தோணுதா பாருங்க. கொஞ்சம் வெரட்டி விடுங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஹேலி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னாள். நகராட்சி அனுப்பும் பெண் காலையில் ஒரு மணிநேரம்தான் இருப்பாள். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் அம்மாவைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக ஹேலியைத் தவிர யாரும் இல்லை. இரவிலும் இரண்டு தடவை எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

"இதை எழுதாதீங்க மிஸ்" என்றாள். "தன்னால எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகலன்னு அம்மா நெனச்சிட்டிருக்காங்க. அவங்களுக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பள்ளி வாழ்க்கையில் மாணவி எப்படிப் பங்கெடுத்தாள் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். ஹேலிக்கு அங்கே எழுத ஒரு வரி இல்லை. பள்ளித் தேர்விலும் மதிப்பெண் சரிந்திருந்தது. காரணம் சொல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு அவள் எதிலும் அக்கறையில்லாத பெண்ணாகத்தான் தெரிவாள். ஒரு மாதத்துக்கு முன் நானே அப்படித்தானே நினைத்தேன்? அந்த வெட்கம் இப்போதுதான் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதி, உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன். பல்கலைக்கழகத்தைத் தாண்டி இது யார் காதுக்கும் போகாது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிப்ரவரியில் பதில் வந்தபோது ஹேலி பள்ளியில் இருந்தாள். டோரீனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஐரிஸைக் கூப்பிட்டுப் பிரித்துப் படிக்கச் சொன்னாள். நல்ல மனதோடு எழுதிய கடிதம்தான். இடம் உண்டு, வழக்கமாகக் கேட்கும் மதிப்பெண்ணைவிடக் குறைவாக எடுத்தாலும் போதும், தாயைப் பராமரிப்பதற்காக இத்தனை வாய்ப்புகளை விட்டுக்கொடுத்ததை உங்கள் ஆசிரியை எழுதியிருந்தார், அதைப் பெரிதும் மதிக்கிறோம் என்று இருந்தது.

மறுநாள் ஐரிஸ் பள்ளிக்குப் போன் செய்து, டோரீன் என்னை வரச் சொன்னதாகச் சொன்னாள். ஹேலிக்குப் பரிசோதனைக்கூடத்தில் பாடம் இருந்த நேரம் பார்த்து நான் போனேன்.

டோரீன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எதுக்கெல்லாம் போகல?" என்று கேட்டாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். என் பலகையில் ஒட்டியதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். பிரான்ஸ் பயணத்துக்கு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்த மாசம் அது?"

"போன வருஷம் மே மாசம்."

"அந்த வாரம் முழுக்க ரெண்டு பேரும் சீட்டாடினோம். என் சீட்டையும் அவளே புடிச்சுக்கிட்டு ஆடினா. குஷியா இருந்தான்னு நெனச்சேன்."

அவள் குஷியாகத்தான் இருந்திருப்பாள் என்றேன்.

"இருந்திருப்பா. இல்லாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. கெட்டிக்காரப் பொய்க்காரி. நான் வளத்தது அப்படி."

அதன்பிறகு அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஐரிஸைக் கொண்டு நகராட்சிக்கு எழுதி, பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டாள். ஈஸ்டர் முடிந்த வாரம் போய்விட்டாள். முடிவான பிறகுதான் மகளுக்குச் சொன்னாளாம். ஹேலி அழுதாள், கெஞ்சினாள், இல்லத்தின் வாசலில் நின்று சண்டையே போட்டாள். டோரீன் அசையவில்லை. வீட்டில் ஐரிஸ் வந்து துணைக்குப் படுத்துக்கொண்டாள்.

என் முகத்தை ஹேலி அதற்குப்பின் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாடம் இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கான அந்த அறையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாலு மணிக்குக் கிளீதோர்ப்ஸ் பஸ் பிடித்து, ஆறரைவரை அம்மாவோடு இருந்துவிட்டு வருவாள். மே மாதம் பார்க்கும்போது அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போயிருந்தது. அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஆகஸ்டில் தேர்வு முடிவு வந்தது. பள்ளியின் பெரிய கூடத்தில் பிள்ளைகள் உறையைப் பிரித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹேலி ஒரு மூலையில் தனியாக நின்றாள். அவள் மதிப்பெண் எனக்கு முன்பே தெரியும். இரண்டு ஏ, ஒரு பி. யாருடைய தயவும் இல்லாமல் அந்தப் பல்கலைக்கழகம் எல்லாரிடமும் கேட்பதும் அதேதான்.

அருகில் போனேன். "இந்த மார்க்குக்கு நான் எழுதினதே தேவைப்பட்டிருக்காது ஹேலி. நான் வாக்க மீறிட்டேன். என்னை மன்னிச்சுடு" என்றேன்.

அவள் முதன்முறையாக என்னைப் பார்த்தாள்.

"தேவைப்பட்டுச்சு மிஸ். அம்மா வீட்ல இருந்திருந்தா எனக்கு இந்த மார்க் வந்திருக்காது. அது எனக்கும் தெரியும்."

கையிலிருந்த தாளை மடித்தாள்.

"இப்ப போய் அம்மாகிட்ட இதைக் காட்டணும். தான் வீட்டை விட்டுப் போனதுதான் சரின்னு அவங்க சந்தோஷப்படுவாங்க. நானும் ஆமாம்மான்னு சொல்லணும்."