அத்தாச்சிக்கு அடுத்த இடம்

அவள் நட்ட நாற்றுகள் மட்டும் சேற்றில் நிற்காமல் தண்ணீரில் மிதந்தன. வரப்பில் நின்ற என்னைப் பார்த்து அவள் சொன்னாள்: "மாத்திரை போட்டா கை நடுங்குதுங்க. போடலன்னா காதுல யாரோ பேசுறாங்க. நான் எதைத்தான் விடுறது?"

மனநோயிலிருந்து தேறியவர்கள் மறுபடி வேலைக்குப் போக முடிகிறதா என்று திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமங்களில் நாங்கள் ஆய்வு செய்துகொண்டிருந்த காலம் அது. சமூகப்பணியில் புதிதாகப் பட்டம் வாங்கியிருந்த எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர்களில் ஒருத்தியான அவளை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அன்று மாலையே சேர்ந்து நடவுக்குப் போகும் பெண்கள் செட்டின் தலைவியைத் தேடிப் போனேன். உறவோ இல்லையோ, ஊரே அவரை அத்தாச்சி என்றுதான் கூப்பிடும். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான் என்று நான் வகுப்பெடுக்க ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வியாதி இருக்கட்டும்மா. நாத்து மிதந்தா வயக்காரரு நாளைக்கே நடவு மிஷினைக் கொண்டாந்து இறக்கிடுவாரு. அப்புறம் எங்க அத்தனை பேரு வயித்துக்கும் யாரு பதில் சொல்றது? நீங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் நியாயமும் இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. "வேலையைக் காப்பாத்திக்க அவ மாத்திரையை நிறுத்துவா. நிறுத்தினா மறுபடி ஆஸ்பத்திரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் வரிசையில் அவள் அத்தாச்சிக்குப் பக்கத்தில் நின்றாள். தன் பங்கை நட்டுக்கொண்டே, அவள் பங்கில் மிதப்பதையும் அத்தாச்சி அழுத்தி ஊன்றினார், வாய் ஓயாமல் திட்டியபடி. ஒரே ஒரு நிபந்தனை: தினமும் காலையில் அவர் கண்ணெதிரே மாத்திரை போட வேண்டும், நடவு இல்லாத நாளிலும். பல வருடங்கள் இப்படியே நடந்தது. எங்கள் ஆய்வில் பராமரிப்பவர் என்றால் கணவர், பெற்றோர், பிள்ளைகள். ரத்த சம்பந்தமே இல்லாத ஒருத்தர் வந்து நிற்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்த வயல்களில் மிஷின்தான் நடுகிறது. செட்டு கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அவள் மட்டும் காலையில் அத்தாச்சி வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

போன மாதம் அத்தாச்சி இறந்த சேதி வந்தது. பஸ் பிடித்து ஓடினேன். உண்மையைச் சொன்னால், போனவருக்காக மட்டும் ஓடவில்லை. இனி இவள் என்ன ஆவாள் என்ற பயமும்தான் என்னை ஓடவைத்தது.

அவள் பந்தல் ஓரத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். சாவு வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அதற்குள் தலைமாட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அத்தாச்சியின் மருமகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ஒரு சொம்பு தண்ணீரோடு அவளிடம் வந்தாள்.

"மணி என்னாவுது பாரு. எனக்கு எதிர போடுக்கா."

அவள் மடியிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கி முடிக்கும்வரை மருமகள் நின்று பார்த்தாள். பிறகு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள்.