கரைச்சக்கா

பட்டறைத் தெரு முழுக்க அவளைக் கரைச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட மிச்சமிருந்தது அவளுடைய அக்கா ஒருத்திதான், அவளோ பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. கரைச்சக்கா என்று கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி உதிர்ந்து பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஆனாலும் திரும்பி "என்னங்க?" என்று கேட்பாள். கேட்காவிட்டால் அடுப்பு எப்படி எரியும்?

இத்தனைக்கும் அவள் எதையும் கரைத்தவள் இல்லை. கரைத்தவன் வேறு. அந்த மகராஜன் அவளுடைய அக்கா புருஷன்.

அத்தானின் பட்டறையில் பாலிஷ் சக்கரம் முழுக்க அவள் பொறுப்பில் இருந்த காலம் அது. பழைய கார்களின் பம்பர், ஜன்னலைச் சுற்றி ஓடும் பட்டி, கதவுக் கைப்பிடி எல்லாம் மங்கி, புள்ளி விழுந்து வந்து சேரும். பழைய முலாமை உரித்து, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து, அதன் மேல் செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாகப் பூச்சு ஏற்றி அனுப்புவார்கள். இரும்புச் சாமான் என்றால் ஆசிட் தொட்டியில் போட்டுத் துருவை எடுக்கலாம். கைப்பிடிகள் அநேகமாகத் துத்தநாக வார்ப்பு. ஆசிட்டில் விழுந்தால் நுரைத்துக்கொண்டே கரைந்துபோகும். ஆகவே எதையும் தொட்டியில் போடுவதற்கு முன்னால் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அவள் கழுத்தில் ஒரு காந்தம் கயிற்றில் எப்போதும் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றி வையேன்டி என்று அக்கா கிண்டல் செய்வாள்.

ஊரில் பேர் பெற்ற டாக்டர் ஒருவர், தன் பழைய காரின் நாலு கதவுக் கைப்பிடிகளையும் துணியில் சுற்றி, தானே கொண்டுவந்து கொடுத்தார். கிடைக்காத சாமான், பத்திரம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் அத்தான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ தன் பெருமையை அளந்துகொண்டிருந்தான். பேச்சு சுவாரசியத்தில், தட்டில் கிடந்த இரும்புத் துண்டுகளோடு கைப்பிடிகளையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டினான். அவள் சாப்பிட்ட டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது நுரை விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்துப் பார்த்தால் பூச்சி தின்ற இலை மாதிரிதான் வந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பட்டறை ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அத்தான் கொஞ்சம்கூட யோசிக்காமல் அவள் பக்கம் கையைக் காட்டினான்.

"இவதாங்க. காந்தம் வைக்காம போட்டுட்டா. சொந்தக்காரின்னு வேலைக்கு வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா அங்கேதான் இருந்தாள், மத்தியானம் நடந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அக்கா குனிந்து துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே பெருக்கின தரையைத் திரும்பப் பெருக்க ஆரம்பித்தாள்.

தங்கை அன்றைக்கே பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டாள். அதே தெருவின் மறுகோடியில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தொட்டியும் சக்கரமும் வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். வேலை வந்தது, வராமல் இல்லை. ஆனால் பம்பர்தான் வந்தது. "கைப்பிடி மட்டும் வேணாம்மா, அதை உங்க அத்தான்கிட்டயே குடுத்துக்கறோம்" என்பார்கள் முகத்துக்கு நேராக. அந்தத் தெருவிலேயே அவளைப் போலக் கைப்பிடி தேய்க்கிறவர் கிடையாது. அந்த வேலையே அவள் கைக்கு வராமல் போனது. ஒரு நாளைக்காவது அவன் வாயாலேயே, அதே டாக்டருக்கும் அதே ஆட்களுக்கும் முன்னால், உண்மையைக் கக்க வைக்க வேண்டும். அதை நினைத்துத்தான் எழுந்தாள், அதை நினைத்துத்தான் படுத்தாள்.

பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். டாக்டரின் கார் என்ன மாடலோ அதே மாடல், கூரை நசுங்கிப்போய், ஒரு கடையின் பின்பக்கம் கிடைத்தது. நாலு கைப்பிடியும் இருந்தன. வாங்கி வந்தவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலை இல்லாத நாட்களில் உட்கார்ந்து முலாமை உரித்தாள். அரித்த குழிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி ஈயம் வைத்து அடைத்தாள், தேய்த்தாள், தேய்த்ததையே திரும்பத் தேய்த்தாள். செம்பில் தொடங்கிப் பூச்சு ஏற்றுவதுதான் பாக்கி. அதற்கு மேல் போகாமல் பழைய போர்வையில் சுற்றி வைத்தாள். கொஞ்சிக் கொஞ்சிச் செய்த வேலை, ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் கறுவல்தான். வரட்டும், அத்தான் வராமல் எங்கே போய்விடுவான் என்று காத்திருந்தாள்.

வந்தான். பழைய கார்களின் கண்காட்சிக்கு டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு ஏதோ வண்டியின் கைப்பிடியை மாட்டிக்கொண்டு அங்கே போவது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. சரியான கைப்பிடி கொண்டுவந்தால் தன் பழைய கார் சங்கத்து வண்டிகள் அத்தனையும் உன் பட்டறைக்குத்தான் என்று அத்தானிடம் சொல்லியிருந்தார். அவன் தேடிப் போன இரும்புக்கடைக்காரன், அதை உங்க கொழுந்தியா அப்பவே கொண்டுபோயிட்டாங்களே என்று கை காட்டிவிட்டான்.

கூடவே வந்த டாக்டர் காரைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தானின் ஆட்கள், எதிர்ப்பட்டறை ஆட்கள் என்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தான் மட்டும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நல்லா இருக்கியா? அந்தக் கைப்பிடி உன்கிட்ட இருக்காமே. என்ன கேக்கறியோ கேளு, தர்றேன்."

அவள் போர்வையைப் பிரித்து நாலையும் மேஜை மேல் வரிசையாக வைத்தாள். அவனுக்குக் கண் அகன்றது. வேலையின் தரம் தெரியாதவன் இல்லை அவன்.

"காசு வேணாம் அத்தான். அன்னைக்கு எல்லாரும் கேக்க ஒண்ணு சொன்னீங்கல்ல? இன்னைக்கும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. தொட்டியில போட்டது யாருன்னு."

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு? நமக்குள்ள..."

"சரி."

ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு ஆசிட் தொட்டியருகே போனாள். கழுத்துக் காந்தத்தை அதன் மேல் வைத்தாள். ஒட்டவில்லை. அவனுக்கும் காட்டினாள்.

"காந்தம் வச்சுப் பாத்துட்டுத்தான் போடறேன். அப்புறம் குறை சொல்லாதீங்க."

போட்டாள். சீறிக்கொண்டு நுரை எழும்பியது. தன் கை உழைப்பு தன் கண் முன்னால் கரைவதைப் பார்க்க அவளுக்கும் நெஞ்சு பதறத்தான் செய்தது. ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்தாள், பதற்றம் அடங்கிவிட்டது.

"பைத்தியமா உனக்கு? எடு அதை."

"சொல்லுங்க."

அவன் வாசலைப் பார்த்தான். டாக்டர் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவதை எடுத்தாள், காந்தம் வைத்தாள், போட்டாள். மூன்றாவதைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றான் அவன்.

"கேக்கலயே அத்தான்."

"நான்தான் போட்டேன். இவ இல்ல. நான்தான் காந்தம் வைக்காம போட்டேன். போதுமா?"

தெருவே கேட்டது. எதிர்ப்பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தை யாரோ நிறுத்தினார்கள். டாக்டர் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். அத்தானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷம் என்கிட்ட பொய் சொல்லியிருக்கான்" என்றார் அவளிடம். "அதைக் குடும்மா. நீயே பூச்சு ஏத்திக் குடு. நாலும் இருக்கா?"

"ரெண்டுதாங்க இருக்கு. மிச்சம் ரெண்டை இப்பத்தான் கரைச்சேன். இது நான் கரைச்சது. முன்பக்கக் கதவுக்கு மாட்டிக்கோங்க. பின்னாடி ஏன் வேற மாதிரி இருக்குன்னு கண்காட்சியில கேப்பாங்க. கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க."

அவர் சொல்கிறேன் என்றார். அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி தன் பட்டறைப் பக்கம் நடந்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. அக்கா. அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அழுதுகொண்டே. அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணின? மனுஷன் சாப்பிடாம சுவத்தைப் பாத்து உக்காந்திருக்காரு. கூடப் பொறந்தவ குடும்பத்தை நடுத்தெருவுல நிக்க வச்சுட்டியேடி."

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லக்கா" என்றாள் அவள். "கரைச்சக்கான்னு கூப்பிடு. இப்ப அது உண்மைதான். அப்புறம் ஒண்ணு, வீட்டைப் பெருக்கிட்டியா? பெருக்கியிருந்தாலும் பரவாயில்ல, இன்னொரு தடவை பெருக்கு."

போனை வைத்துவிட்டு, செம்புத் தொட்டியைச் சூடு பண்ணப் போனாள்.