பத்திரத்தில் ஒரே பெயர்

என் அண்ணன் நெவில் இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஐம்பத்தேழு வயது. ஒரு வீட்டை ஏற்கெனவே இழந்தவன். அது அவனும் மனைவி ஜாக்கியும் சேர்ந்து வாங்கிய வீடு. கல்யாணம் முறிந்ததும் இரண்டு பைகளோடு வந்து, ஒரு குளிர்காலம் முழுக்க என் சோபாவில் கிடந்தான். அதனால் ஆறு வருஷமாக அவனோடு வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தும் பெவர்லி வீடு வாங்கலாம் என்றதும், யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்டேன்.

அவள் பெயரில் மட்டும் வாங்க வேண்டுமாம். முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. நெவில் பெயரும் சேர்ந்தால் அது போய்விடும் என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவ்வளவு நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மாசாமாசம் பாதித் தவணை நீ கட்டுவ, பேரு மட்டும் அவளுதா?"

"வரி மிச்சம், வெண்டி."

"நாளைக்கு அவ வெளிய போன்னா, மிச்சமான வரியில போயி படுத்துக்குவியா?"

"உனக்கு அவளக் கண்டாலே ஆகாது."

ஆகாதுதான். நான் அதை என்றைக்கும் மறைத்ததில்லை.

பிறகு கடன் தரும் பேங்க் நெவிலிடம் ஒரு கையெழுத்துக் கேட்டது. தவணை நின்று வீட்டை அவர்கள் எடுத்துக்கொண்டால், அங்கே குடியிருக்கும் தனக்கும் உரிமை உண்டென்று குறுக்கே நிற்பதில்லை என அவன் எழுதித் தர வேண்டும். அதற்கு முன் தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னார்கள். நான்தான் காரில் கூட்டிப்போனேன்.

வக்கீல் சின்னப் பெண். வீட்டின் விலையைப் பார்த்துவிட்டு, "எதுக்கு ஒரே பேர்ல?" என்றாள்.

"வரிச் சலுகைக்கு."

"இந்த விலைக்கு யாருக்குமே வரி கிடையாதே. அதெல்லாம் லண்டன் விலைக்கு வாங்குறவங்க கவலை."

ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பி நெவில் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது.

வீட்டில் பெவர்லி டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வரியே இல்லியாம்," என்றான் நெவில்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல்லேருந்து." அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "அப்பா வீடு, புருஷன் வீடு, வாடகை வீடு. போன்னா போயிருக்கேன். ஒரே ஒரு வீட்லயாவது, போன்னு சொல்ற ஆளு நானா இருக்கணும்."

"என்னையா சொல்லுவ?"

"தெரியல, நெவ்."

நான் வாயைத் திறந்தேன். நெவில் கையைக் காட்டி அடக்கினான். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து பேங்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினான். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு," என்றேன்.

"ஜாக்கி ஒருநாளும் போன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினா," என்றான். "இவ தெரியலன்னாவது சொன்னாளே."

இது நடந்து மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. பெவர்லி இன்னும் போ என்று சொல்லவில்லை. நானும் அந்தப் பழைய சோபாவைத் தூக்கிப் போடவில்லை.