ஏதென்ஸ் டு ரோம்: ஒரு மணி நேரக் கணக்கு

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ஊர் ஊராகப் பறக்கும் யோகம் கிடையாது; ஆனால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்லித் தொலைக்க வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன! இரண்டாயிரங்களில் மஸ்கட் ரூவியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் நான் பட்டது இது.

ஒன்பதேகால்

டிரைவர் கருப்பையா, ராமநாதபுரத்துக்காரர். அவருடைய முதலாளி குடும்பம் ஐரோப்பா டூருக்கு அவரையும் கூட்டிப்போனது. பாரிஸில் ஒன்பதுக்குக் கிளம்பி லண்டனில் ஒன்பதேகாலுக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்ததும் மனுஷன் மிரண்டுவிட்டார். "அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவாங்க. லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி" என்று பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். அவர் விடவில்லை.

"அதெல்லாம் சரிண்ணே, அந்த ஒரு மணி நேரம் எங்க போகுது?"

ஆறு மணி

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஒரு கிளினிக். அங்கே நர்ஸ் ஜெனிட்டா, குமரி மாவட்டக் கடற்கரைப் பெண். கணவர் கப்பலில் டெக்னீஷியன். கடலில் பயமே இல்லாத மனுஷனுக்கு விமானம் என்றால் உயிர் போகும். கிரீஸில் கப்பலை விட்டு இறங்கி, ஏதென்ஸிலிருந்து ரோம், அங்கே மாறி மஸ்கட். டிக்கெட் நான் போட்டதுதான். "ரோம்ல எறங்கினதும் போன் பண்றேன்" என்று சொல்லியிருந்தார். வார்டில் போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். எந்த நேரத்துக்குப் பெர்மிஷன் கேட்பது என்று தெரிந்துகொள்ள ஜெனிட்டா ஓடி வந்தாள்: "அண்ணா, எத்தன மணிக்கூர் ஆவும்?" கவுண்டரில் கூட்டம். நாலுக்குக் கிளம்பி ஐந்துக்கு இறங்குது என்று பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம்மா" என்றேன். மஸ்கட் நேரப்படி ஐந்துக்குக் கிளம்பும் விமானம். அவள் ஆறு மணிக்குப் பெர்மிஷன் வாங்கினாள்.

சரியாக ஆறு. போனும் கையுமாக அவள் என் கவுண்டர் முன்னால் நிற்கும்போதே அது அடித்தது. திரையில் நம்பர் இல்லை. பேசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லபடியா வந்துட்டேன், பயப்படாதன்னாரு. ஆனா ஏர்போர்ட்ல ஒரு சத்தங்கூட இல்லியே அண்ணா?"

ஏழு மணி

அவள் மேலே போன பிறகுதான் உறைத்தது. ரோம் கடிகாரம் ஏதென்ஸுக்கு ஒரு மணி நேரம் பின்னால்! கருப்பையாவுக்குப் பாடம் எடுத்த வாய்தானே இது! பயணம் இரண்டு மணி நேரம்; இங்கே ஏழுக்குத்தான் விமானம் தரை இறங்கும். அப்படியானால் ஆறு மணிக்குப் பேசியது?

ஏழு தாண்டியதும் கிளினிக்குக்கு ரோமிலிருந்து போன். எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் சீட்டில் அப்படியே இருந்தாராம். மாரடைப்பு. உயிர் போய் ஒரு மணி நேரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். ஊருக்கு டிக்கெட் போட வந்த ஜெனிட்டாவிடம், தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று அழுதேவிட்டேன். அவள் அழவில்லை.

"நீங்க ரெண்டு மணிக்கூர்னு சரியாச் சொல்லியிருந்தா, ஆறு மணிக்கு எனக்க போன் லாக்கர்லல்லா அண்ணா கெடந்திருக்கும்?"

இன்றைக்கும் பயண நேரத்தை மூன்று தடவை கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது என்று மட்டும் எவரும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.