பலகையில் ஒன்று புள்ளி ஏழு

குறைமாதத்தில் பிறந்த என் மகள் ஒன்று புள்ளி எட்டு கிலோவைத் தொட்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில் அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. உட்காரவும் முடியாது, சாப்பாடும் இறங்காது. வார்டு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

தினமும் காலையில் அவளைத் தராசில் வைப்பார்கள். தராசு கிராம் வரை காட்டும். நர்ஸ் அக்கா வெள்ளைப் பலகையில் ஒரு தசம இடம்தான் எழுதுவார். தராசில் 1.66, பலகையில் 1.7. மறுநாள் 1.69, அதுவும் 1.7. அதற்கடுத்த நாள் 1.72. சனியன், மறுபடியும் 1.7! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, நேத்தைவிடக் கூடியிருக்கே, எழுதக் கூடாதா?"

"அடுத்த நம்பர் அஞ்சுக்குக் கொறைஞ்சா கீழ, அஞ்சு வந்தா மேல. ஸ்கூல்ல படிக்கலையா நீ?"

அடுத்த நாள் 1.745. அன்றைக்கு என் கணவர் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். "கடைசி அஞ்சு மேல போனா 1.75. அந்த அஞ்சும் மேல போனா 1.8! முடிஞ்சிச்சு லா!" என்று துள்ளினார். நர்ஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பிலிருந்த தன் அக்காவுக்கும் போன் போட்டுவிட்டார். நாத்தனார் ஆரத்தித் தட்டோடு பாலம் தாண்டி வந்து நின்றார்.

நர்ஸ் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தம்பி, இப்படிப் படிப்படியா ஏத்திக்கிட்டே போனா பாப்பா யானையாயிரும். ஒரே தடவைதான் பாக்கணும். ஏழுக்கு அடுத்து நாலு. அப்ப 1.7தான்."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மறுநாள் 1.77. பலகையில் 1.8 ஏறியது! டாக்டர் பலகையைப் பார்த்தார், கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நாத்தனாரும் மறுபடி வந்துவிட்டார். பிள்ளைக்குச் சட்டை போட்டுத் தூக்கினேன். சட்டைக்குள் அவள் இருக்கிற இடமே தெரியவில்லை. இத்தனை நாள் ஒவ்வொரு கிராமுக்கும் சண்டை போட்டவள், இப்போது முப்பது கிராமை எப்படி முழுங்குவேன்?

"டாக்டர், தராசுல 1.77தான் இருந்துச்சு."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரேன்!" என்று கணவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

டாக்டர் பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றார். நர்ஸ் அக்கா பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பெத்தவளே போட்டுக் குடுத்துட்டா," என்று நாத்தனார் லிஃப்ட் வரைக்கும் புலம்பிக்கொண்டே போனார். எனக்கு அழுகைதான் வந்தது. வார்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை வாயைத் திறந்து தலையை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவளை மடியில் போட்டுக்கொண்டேன்.

"குடிடி என் தங்கம்," என்றேன். "இன்னும் முப்பதுதான்."